லெனின் பேசற போட்டோ கார்டு ரெண்டு இருக்கு, ஒண்ணுல ட்ராட்ஸ்கி இருக்காரு, ஒண்ணுல இல்ல. எது அசல்?

இரும்புப்பெட்டி

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஒரு வருஷமா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், எழுதறது இதான் மொத தடவ, கொஞ்சம் நீளமா போயிரும் பொறுத்துக்குங்க.

எங்க பெரியப்பா கோயமுத்தூர்ல மில்லுல வேல பாத்தவரு, சங்கத்துல இருந்தாரு. போன மாசிலதான் தவறுனாரு. காரியம் எல்லாம் முடிஞ்சு அவரோட இரும்புப் பெட்டிய தொறந்தா ‘சோவியத் நாடு’ பத்திரிகை ஒரு கட்டு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு போட்டோ போஸ்ட்கார்டு, மொத்தம் பதினொண்ணு. அத்தனையும் யாராவது மேடையில நின்னு பேசற படம். பூவு, கோயில், சர்ச்சு, ஆறு அப்படி ஒண்ணு கூட கெடையாது. பெரியப்பா மில் கேட்டுல நின்னு மைக்கே இல்லாம பேசுவாருன்னு அப்பா சொல்லுவாரு, ஷிப்ட் முடிஞ்சு போறவங்க சைக்கிளோட அப்படியே நின்னுருவாங்களாம். அதனால இந்தப் படங்க அவருக்கு ஏன் புடிச்சுதுன்னு எனக்குப் புரியுது.

அதுல ஒரு கார்டுதான் இப்ப பிரச்சன. லெனின் பலகை அடிச்ச உயரமான மேடையில நின்னு முன்னால சாஞ்சு பேசறாரு, தலையில தொப்பி இல்ல, கீழ கூட்டம். மேடைக்கு வலது பக்கம் மரப்படி, படி காலியா இருக்கு. இதப் பாத்துட்டு இதே படத்த நெட்ல தேடுனா, அந்தப் படியில ரெண்டு பேரு நிக்கறாங்க! ட்ராட்ஸ்கியும் காமனேவும்னு போட்டிருக்கு, ரெண்டு பேரும் லெனினோட கட்சித் தலைவருங்க. அப்புறம் ஆர்வம் தாங்காம ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட ட்ராட்ஸ்கி இருக்கற கார்டு ஒண்ணு 3,800 ரூவா குடுத்து வாங்கிட்டேன். ‘1920 அசல் பிரிண்ட், கேரண்டி’ன்னு சொல்லித்தான் குடுத்தாரு.

இப்ப ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு தூக்கமே வரலீங்க. எது அசல்? பெரியப்பா வச்சிருந்தது போலியா? முப்பது நாப்பது வருஷமா ஒரு பொய்ப் படத்தயா அத்தன பத்திரமா வச்சிருந்தாரு? விலை எல்லாம் எனக்கு முக்கியமில்ல, விக்கப் போறதில்ல. இது மட்டும் தெரிஞ்சா போதும்.

பழைய_பேப்பர்

ப்ரோ சிம்பிள். ஸ்டாலின் காலத்துல, அவருக்கு எதிரியாப் போன ட்ராட்ஸ்கிய படத்துலேருந்து அழிச்சாங்க, இது எல்லாருக்கும் தெரிஞ்ச மேட்டர். அப்ப ட்ராட்ஸ்கி இருக்கறதுதான் ஒரிஜினல், இல்லாதது டூப்ளிகேட். 3,800க்கு கெடச்சது லக்கு, அத பத்திரமா வைங்க. பெரியப்பாவோடத நினைவுக்கு வச்சுக்கலாம், கலெக்‌ஷன்ல சேக்காதீங்க.

சேலம்_கார்டு

பழைய பேப்பர் தம்பி, அவசரப்படாதீங்க. படம் வேற, கார்டு வேற. படம் எப்ப எடுத்ததுங்கறது ஒரு கேள்வி, அந்தக் கார்டு எப்ப அச்சாச்சுங்கறது தனிக் கேள்வி. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பித்தான் நம்ம ஆளுங்க பாதிப் பேரு ஏமாறறாங்க. நானும் 25 வருஷமா மேடைப் பேச்சு கார்டு மட்டும் சேக்கறேன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

மொதல்ல படத்தோட கதை. 1920 மே 5, மாஸ்கோவுல ஸ்வெர்த்லோவ் சதுக்கம், போல்ஷோய் தியேட்டர் முன்னாடி இருக்கற இடம். போலந்து சண்டைக்குப் போற செஞ்சேனை, அதாவது சோவியத் ராணுவ ஆளுங்கள வழியனுப்ப லெனின் பேசறாரு. நெலம எவ்ளோ மோசமா இருந்துச்சுன்னா, ரெண்டே நாள்ல, மே 7 அன்னிக்கு, போலந்து படை கீவ் நகரத்துக்குள்ள போயிருச்சு. அப்படி ஒரு நேரத்துப் பேச்சு அது. எடுத்தவர் கோல்ட்ஸ்டைன்னு ஒரு போட்டோகிராஃபர். படியில நிக்கறது ட்ராட்ஸ்கி, அவருக்குப் பின்னால காமனேவ். ட்ராட்ஸ்கி அங்க நிக்கறது சும்மா இல்ல, ராணுவ இலாகா அவரு கையிலதான் இருந்துச்சு, அனுப்பற படையே அவரு படைதான்.

20கள்ல இந்தப் படம் ரெண்டு பேரோடயும் சேத்துத்தான் ஊரெல்லாம் சுத்துச்சு. 1927ல ட்ராட்ஸ்கிய கட்சிய விட்டுத் தூக்குனாங்க, 1929ல நாட்ட விட்டே அனுப்பிட்டாங்க, 1936ல காமனேவ சுட்டுக் கொன்னாங்க, 1940ல மெக்சிகோவுல ட்ராட்ஸ்கியும் கொலை. அதுக்கப்புறம் சோவியத்துல இந்தப் படம் எங்க வந்தாலும் காலிப் படியோடதான் வந்துச்சு, இல்லன்னா படிய வெட்டிட்டு லெனின் மட்டும். கோர்பச்சேவ் காலம் வரைக்கும் இதான் நெலம.

இப்ப யோசிங்க. பெரியப்பா காலத்துல சோவியத்துலேருந்து நேரா அச்சாகி நம்ம ஊருக்கு வந்த கார்டுல ட்ராட்ஸ்கி இருந்தாத்தான் சந்தேகப்படணும். படி காலியா இருக்கறது அது உண்மையான சோவியத் கார்டுங்கறதுக்கு ஒரு அடையாளம். படத்துல பொய் இருக்கு, கார்டுல பொய் இல்ல. சேக்கறவன் பாக்க வேண்டியது இந்த வித்தியாசத்ததான்.

உங்க 3,800 ரூவா கார்டப் பத்திதான் எனக்குக் கவலை. சில சோதனை சொல்றேன், செஞ்சுட்டு வந்து சொல்லுங்க. பத்து மடங்கு பெருசாக் காட்டற லென்ஸ் ஒண்ணு, நகைக்கடைக்காரங்க கண்ணுல மாட்டிப் பாப்பாங்களே அதுவே போதும். லெனின் முகத்தயும் பின்னாடி வானத்தயும் அதுல பாருங்க. புள்ளி புள்ளியா வரிசையாத் தெரிஞ்சா அது அச்சு. புள்ளியே இல்லாம பால் கலந்த மாதிரி நெழல் வழவழன்னு போனா அது நெகட்டிவ்லேருந்து போட்டோ பேப்பர்ல நேரா எடுத்த நிஜப் போட்டோ கார்டு. கறுப்பு வெள்ளப் படத்துக்குள்ள பொடிப் பொடியா நீலம், ரோஸ், மஞ்சள் தூவுன மாதிரி இருந்தா, அது நம்ம காலத்து கம்ப்யூட்டர் பிரிண்டர், மேல பாக்கவே வேண்டாம்.

அடுத்து கார்ட கொஞ்சம் சாச்சு ட்யூப்லைட்டுக்குக் காட்டுங்க. பழைய வெள்ளி உப்பு போட்டோவா இருந்தா கறுப்பா இருக்கற ஓரத்துல வெள்ளிப் பூச்சு பூத்த மாதிரி ஒரு மினுமினுப்பு தெரியும், நூறு வருஷத்துல பெரும்பாலும் வந்துரும். அப்புறம் நோட்டு செக் பண்ற ஊதா லைட்டு, மெடிக்கல் ஷாப்புலயே கேட்டுப் பாருங்க குடுப்பாங்க. இருட்டுல வச்சு அடிக்கணும். பேப்பர வெள்ளையாக் காட்டறதுக்குப் போடற ரசாயனம் 1950களுக்கு முன்னாடி பேப்பர்ல கெடையாது. நீலமா பளீர்னு எரிஞ்சா அது 1920 இல்ல, சத்தியமா இல்ல. ஆனா எரியலன்னா உடனே பழசுன்னு அர்த்தம் பண்ணிராதீங்க, ரசாயனம் போடாத பேப்பர் இன்னிக்கும் இருக்கு.

ரெண்டு கார்டுக்கும் பின்பக்கத்த போட்டோ எடுத்துப் போடுங்க. அங்கதான் பாதி விஷயம் இருக்கும்.

இரும்புப்பெட்டி

சேலம் ஐயா ரொம்ப நன்றிங்க. ‘படத்துல பொய் இருக்கு, கார்டுல பொய் இல்ல’ன்னு படிச்சதுமே மனசு பாதி எறங்கிருச்சு.

லென்ஸ் பக்கத்து நகைக்கடையில வாங்கிப் பாத்தேன். பெரியப்பா கார்டுல சீரா பொடிப் புள்ளி தெரியுது, அப்ப அச்சுதான். வாங்குன கார்டுல புள்ளி வரிசையா இல்ல, தூவுன மாதிரி இருக்கு, உத்துப் பாத்தா லெனின் சட்டையில ரோஸ் கலர் வருது. ஊதா லைட்டுக்கு இது நீலமா எரியுது, பெரியப்பாவோடது லேசா, மங்கலா. மினுமினுப்பு ரெண்டுலயும் இல்ல. வாங்குனத மோந்து பாத்தா பழைய பேப்பர் வாசனைக்குப் பதிலா டீ வாசனை மாதிரி ஏதோ வருதுங்க.

பின்பக்கம் ரெண்டும் போட்டிருக்கேன். எனக்கு ரஷ்யன் ஒரு எழுத்தும் தெரியாது. பெரியப்பா கார்டு பின்னால மூலையில பென்சில்ல அவரு கையெழுத்துல ஏதோ இருக்கு, அழிஞ்சு போயிருச்சு, ‘கோவை’ மட்டும் தெளிவா தெரியுது.

சேலம்_கார்டு

டீ வாசனையா? தம்பி, பேப்பர பழுப்பாக்கறதுக்கு டீத்தண்ணியில முக்கி எடுக்கறது ரொம்ப நாளா நடக்கற வேலை. ஓரம் மட்டும் பழுப்பேறாம நடுவுலயும் ஒரே சீரா பழுப்பா இருக்கும் பாருங்க. உண்மையா வயசான கார்டு அப்படி ஆகாது, காத்துப் படற ஓரம்தான் மொதல்ல மாறும். வித்தவர்கிட்ட இத எழுதி பணத்தத் திருப்பிக் கேளுங்க, லென்ஸ் வழியா போன்ல எடுத்த படத்தயும் சேத்து அனுப்புங்க.

குர்ஸ்க்_ரிட்டர்ன்

நான் ரஷ்யாவுல குர்ஸ்க்ல எம்பிபிஎஸ் படிச்சவன், ஆறு வருஷம் அந்த எழுத்தோட மல்லுக்கட்டுன அனுபவத்துல பின்பக்கத்த படிச்சிட்டேன். அண்ணா உங்க பெரியப்பா கார்டுல எந்த ஒளிவு மறைவும் இல்ல, எல்லாம் வெளிப்படையா எழுதியிருக்கு. அடியில சின்ன எழுத்துல ஒரு வரி ஓடுது பாருங்க, அதுல பதிப்பகம், 1969ங்கற வருஷம், ஆர்டர் நம்பர், எத்தன காப்பி அடிச்சாங்கன்னு ஒரு நம்பர் (லட்சத்தத் தாண்டுது), கடைசியா விலை, கோபெக்குல (அவங்க ஊரு பைசா). சோவியத் கார்டுகள்ல இது ஒரு பெரிய வசதி, வேற நாட்டுக் கார்டுகள்ல வருஷம் கண்டுபுடிக்க மண்டைய உடைக்கணும், இவங்க அச்சடிச்ச கணக்கயே மேல போட்டுருவாங்க. மேல தலைப்புல, வி. இ. லெனின், செஞ்சேனைப் படைகள் முன்னால பேசறாரு, ஸ்வெர்த்லோவ் சதுக்கம், மாஸ்கோ, 1920 மே 5ன்னு இருக்கு. தேதி கரெக்ட், இடம் கரெக்ட், பேச்சு கரெக்ட், ஆளு ரெண்டு பேர மட்டும் காணோம்.

1969ன்னதும் எனக்குத் தோணுனது, 1970 ஏப்ரல் 22 லெனின் நூற்றாண்டு, அதுக்காகத்தான் அடிச்சிருப்பாங்க போல. நம்ம நாட்டுல கூட அந்த ஏப்ரல்ல லெனின் ஸ்டாம்ப் வந்துச்சு.

வாங்குன கார்டு பின்பக்கம்தான் கூத்து. ‘1920’ன்னு பெருசா போட்டிருக்காங்க, ஆனா பதிப்பக ஊருன்னு லெனின்கிராத்ன்னு இருக்கு! அந்த ஊரு 1920ல பெத்ரோகிராத். லெனின் செத்த பிறகு 1924 ஜனவரியிலதான் லெனின்கிராத் ஆச்சு. அடிச்சவனுக்கு அது தெரியல. இதே மாதிரி இன்னொரு க்ளூவும் இருக்கு, 1918ல ரஷ்யன் எழுத்த சீர்திருத்தம் பண்ணி சில எழுத்துகளத் தூக்குனாங்க, வார்த்தை முடிவுல சும்மா ஒட்டிட்டு இருந்த ஒரு எழுத்தயும் எடுத்துட்டாங்க, அதனால புரட்சிக்கு முன்னாடி கார்டுன்னு சொல்லி வித்தா அந்தப் பழைய எழுத்துங்க இருக்கான்னு பாத்தாலே போதும், மொழி தெரியணும்னு இல்ல, வடிவம் தெரிஞ்சா போதும்.

மீனா_ஸ்டுடியோ

தம்பி நான் கார்டு சேக்கறவ இல்ல, எங்க அப்பா திண்டுக்கல்ல போட்டோ ஸ்டுடியோ வச்சிருந்தாங்க, நான் அங்க டச்சிங் வேலை பாத்தவ. அதனால அந்த ரெண்டு பேர எப்படி எடுத்திருப்பாங்கன்னு மட்டும் சொல்றேன், ஏன்னா உங்க கார்டுலயே அந்தத் தடம் இருக்கும்.

எங்க ஸ்டுடியோவுல கல்யாண போட்டோ நெகட்டிவ்ல முகத்துல இருக்கற அம்மைத் தழும்ப பென்சில் சீவி நுனியால தொட்டுத் தொட்டு மறைப்போம். நெகட்டிவ்ல நாம கறுப்பா தொட்டா பிரிண்ட்ல அந்த இடம் வெளுப்பா வரும். அது சின்ன வேலை. ஒரு ஆளயே எடுக்கறது அப்படி இல்ல. பெரிய பிரிண்ட் ஒண்ணு போட்டு, அதுல ஆளு இருக்கற இடத்துல காத்து பம்ப்பு வச்ச பெயிண்ட் குழலால சாம்பல் கலர் அடிச்சு, மேல ப்ரஷ்ஷால படி, பலகை, கூட்டத்துல தலைங்கன்னு வரைவாங்க. இல்லன்னா வேற படத்துலேருந்து வெட்டி ஒட்டுவாங்க. முடிச்சதும் அந்தப் பிரிண்டயே மறுபடி கேமராவுல புடிச்சு புது நெகட்டிவ் எடுப்பாங்க. அதுலேருந்துதான் ஊருக்கெல்லாம் பிரிண்ட் போகும்.

அப்படி மறுபடி புடிச்சதால ஒரு கொறை வரும், மறைக்கவே முடியாது. கறுப்பு இன்னும் கறுப்பாயிரும், வெள்ள இன்னும் வெளுத்துரும், நடுவுல இருக்கற சாம்பல் எல்லாம் போயிரும். அதனால லென்ஸ் வச்சு கூட்டத்துல முன்வரிசையில இருக்கறவங்க தொப்பிய பாருங்க, அப்புறம் காலிப்படிய பாருங்க. தொப்பியில மடிப்பு, நெழல் எல்லாம் இருக்கும். படியில கோடு ரொம்ப சுத்தமா இருக்கும். அத்தன பேரு மிதிச்சு ஏறுன மரப்படியில அழுக்கே இல்லாம இருந்தா அது கையால வரைஞ்சது. எனக்கு உங்க போட்டோவுலயே அப்படித்தான் தெரியுது, நேர்ல பாத்தாத்தான் உறுதியாச் சொல்லலாம்.

எனக்கு இத எழுதறப்ப ஒரு மாதிரி இருக்கு. அந்த வேலய செஞ்சவனும் என்ன மாதிரி ஸ்டூல்ல குனிஞ்சு உக்காந்து செஞ்சவன்தான். அவன் கை திறமய பாத்தா பிரமிப்பு வருது, எதுக்குச் செஞ்சான்னு நெனச்சா வயிறு கலங்குது. நாங்க தழும்ப எடுத்தது பொண்ணு மனசு நோகக் கூடாதுன்னு.

சேலம்_கார்டு

மீனாம்மா, இத்தன வருஷம் இந்தப் படத்த வச்சிருக்கேன், படியில அழுக்கு இருக்கான்னு நான் ஒரு நாளும் பாத்ததில்ல. இப்பதான் எந்திரிச்சுப் போய் ஆல்பத்த எடுத்தேன். நீங்க சொன்னது அப்படியே இருக்கு.

இன்னொண்ணு சேத்துச் சொல்லிடறேன். ப்ரோட்ஸ்கின்னு ஒரு ஓவியர் 1933ல இதே காட்சிய பெரிய ஆயில் பெயிண்டிங்கா வரைஞ்சாரு, ட்ராட்ஸ்கி நின்ன எடத்துல பத்திரிகைக்காரங்கள நிக்க வச்சுட்டாரு. அந்தப் பெயிண்டிங்கும் கலர் கார்டா வந்துருக்கு, போட்டோவுக்கு சாயம் போட்டதுன்னு நெனச்சு வாங்கிராதீங்க. போட்டோ கார்டு, காலிப்படி கார்டு, பெயிண்டிங் கார்டு மூணும் ஒரே ஆல்பம் பக்கத்துல வச்சா அந்த ஒரு பக்கமே ஒரு வரலாறு. நான் அப்படித்தான் வச்சிருக்கேன்.

அசல் 20கள் கார்டு ஏன் இவ்ளோ அபூர்வம்னு கேட்டீங்கன்னா, அரசாங்கம் மட்டும் அழிக்கல. 30கள்ல வீட்டுல ட்ராட்ஸ்கி படம் இருந்தாலே ஆபத்துன்னு ஜனங்களே தங்க புத்தகத்துல, கார்டுல அந்த முகத்த மை ஊத்தி அழிச்சாங்க, பிளேடால சொரண்டுனாங்க. அதனால முகம் சொரண்டுன கார்டு ஒண்ணு எங்கயாவது கெடச்சா ‘டேமேஜ்’னு ஒதுக்கிராதீங்க. அந்தச் சொரண்டல்தான் அந்தக் கார்டோட விஷயமே.

ஹைட்பார்க்_லதா

லேட்டா வர்றேன், ஆனா இரும்புப்பெட்டி அண்ணா உங்க பெரியப்பா மைக் இல்லாம பேசுனாருன்னு எழுதியிருந்தீங்களே, அத விட்டுட்டுப் போக முடியல.

நான் சேக்கறது இங்கிலாந்து, பெண்கள் ஓட்டுரிமைக் கூட்டங்கள். 1908 ஜூன் 21, லண்டன் ஹைட் பார்க்ல லட்சக்கணக்குல ஜனம், அத்தன பேருக்கும் ஒரு மேடை பத்தாது, ஒரு தொண்டை எவ்ளோ தூரம்தான் போகும், அதனால 20 மேடை போட்டு ஒரே நேரத்துல பேசுனாங்க, சாயங்காலம் கொம்பு ஊதுனதும் எல்லா மேடையிலயும் ஒண்ணா தீர்மானம். அந்தக் காலத்துக் கார்டுகள பாத்தீங்கன்னா பேசறவங்க உடம்பே வேற மாதிரி இருக்கும். கை மேல போயிருக்கும், நெஞ்சு முன்னால வந்துருக்கும், வாய் முழுசா தொறந்திருக்கும். நளினத்துக்காக இல்ல, கடைசி வரிசைக்குக் கேக்கணும்ல. லெனின் அந்த மேடையில முன்னால விழற மாதிரி சாஞ்சிருக்கறதும் அதுக்குத்தான், 1920ல அங்க மைக் ஏது. அமெரிக்காவுல 1919 செப்டம்பர்ல சான் டியேகோ ஸ்டேடியத்துல ஜனாதிபதி வில்சன் ஒலிபெருக்கி வச்சுப் பேசுனாரு, ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள்ள நின்னு. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மேடைப் படங்கள்ல கை கீழ எறங்கிருது, ஆளு நேரா நிக்கறாரு, முன்னால ஒரு கம்பி வந்து நிக்குது. வருஷம் தெரியாத கார்டு கையில வந்தா நான் மொதல்ல பாக்கறது இந்தக் கைதான்.

எனக்கு ரொம்பப் புடிச்ச கார்டுங்க கிறிஸ்டினா ப்ரூம்ங்கற அம்மா எடுத்தது. ‘மிஸஸ் ஆல்பர்ட் ப்ரூம்’னுதான் படத்துல பேரு போட்டுப்பாங்க. வீட்டுக்காரருக்கு கிரிக்கெட் ஆடி அடிபட்டு வேலை செய்ய முடியாமப் போச்சு, குடும்பத்தக் காப்பாத்த 1903ல, நாப்பது வயசுல, கேமராவ கையில எடுத்தாங்க. வீட்டுல கரி போட்டு வைக்கற நெலவறைய இருட்டறை ஆக்கி, மகள் வினிஃப்ரெட் பிரிண்ட் போட, அரண்மனை குதிரை லாயத்து வாசல்ல கடை போட்டு கார்டு வித்தாங்க. இங்கிலாந்துல மொத பெண் பத்திரிகை போட்டோகிராஃபர்னு இப்ப அவங்கள சொல்றாங்க. ஊர்வலம், கொடி, மேடை எல்லாம் அவங்க கார்டுல இருக்கு, கூட்டத்துல இருக்கற பொண்ணுங்க கேமராவப் பாத்து சிரிக்கறாங்க, ஆம்பள போட்டோகிராஃபருங்க படத்துல அந்தச் சிரிப்பு கம்மி, இது என்னோட எண்ணம்தான்.

வருஷம் கண்டுபுடிக்க இங்கிலாந்து கார்டுகளுக்கு பின்பக்கம்தான் வழி. 1902க்கு முன்னாடி பின்னால முழுக்க அட்ரஸ் மட்டும்தான் எழுதணும், சேதி படத்து பக்கத்துலயே கிறுக்கணும். 1902லதான் நடுவுல கோடு போட்டு ரெண்டாப் பிரிச்சாங்க. அமெரிக்காவுல அது 1907 மார்ச். ஸ்டாம்ப்பும் உதவும், இங்கிலாந்துல 1918 ஜூன் வரைக்கும் கார்டுக்கு அரை பென்னி, அப்புறம் ஒரு பென்னி. அமெரிக்க நிஜப் போட்டோ கார்டுன்னா ஸ்டாம்ப் ஒட்டற கட்டத்துல ‘AZO’ன்னு போட்டோ பேப்பரோட பிராண்டு பேரு இருக்கும், நாலு மூலை முக்கோணமும் மேல பாத்தா ஏறக்குறைய 1904லேருந்து 1918க்குள்ள, ரெண்டு மேல ரெண்டு கீழ பாத்தா அதுக்கப்புறம்.

பத்திரப்படுத்தறதப் பத்தியும் சொல்லிடறேன், பெட்டி இரும்புன்னு சொன்னதால. மழைக்காலத்துல இரும்புப் பெட்டி உள்ள வேர்க்கும் அண்ணா. கார்டுகள பாலிப்ரோப்பிலீன் உறையில ஒண்ணு ஒண்ணா போடுங்க, ஸ்டேஷனரி கடையில கெடைக்கற பிளாஸ்டிக் வாசனை அடிக்கற மெத்து மெத்துனு இருக்கற உறை வேண்டாம், அது பிவிசி, கொஞ்ச வருஷத்துல படத்தோட ஒட்டிக்கும். லேமினேஷன் மட்டும் தயவு செஞ்சு பண்ணாதீங்க, செல்லோ டேப்பும் கூடாது. ராமபாணப் பூச்சிக்கு வசம்பு துண்ட துணியில கட்டி பெட்டி மூலையில போடுங்க, கார்டு மேல படக் கூடாது. சிலிக்கா ஜெல் பாக்கெட்டும் ரெண்டு போட்டு மாசம் ஒருக்க மாத்துங்க. பெரியப்பாவோட பென்சில் எழுத்த ரப்பரோ ஈரத்துணியோ வச்சு தொடவே தொடாதீங்க. டார்ச் லைட்ட பக்கவாட்டுல, கார்டோட படுக்க வச்ச மாதிரி அடிச்சு போன்ல போட்டோ எடுங்க, பென்சில் அழுத்துன பள்ளம் நெழல்ல தெரியும். நான் 1909 கார்டுல ஒரு முழு சேதிய அப்படித்தான் படிச்சேன்.

பழைய_பேப்பர்

அண்ணா மொதல்ல நான் எழுதுனது தப்பு, மன்னிச்சிருங்க. கலெக்‌ஷன்ல சேக்காதீங்கன்னு வேற சொல்லிட்டேன். என்கிட்ட ரெண்டு ‘1917’ கார்டு இருக்கு, இப்ப லென்ஸ் வாங்கப் போறேன். லதா அக்கா கையப் பாத்து வருஷம் சொல்றது செம, ஆனா மைக் வந்த பிறகும் கைய ஆட்டிப் பேசுனவங்க நெறைய இருக்காங்களே?

ஹைட்பார்க்_லதா

இருக்காங்க, அதனால கைய மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டேன், அது முதல் பார்வை, அவ்ளோதான். முடிவு பின்பக்கமும் லென்ஸும் சொல்லணும்.

இரும்புப்பெட்டி

நாலு நாளா எழுத முடியல, ஊருக்குப் போயிருந்தேன். எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலீங்க.

வித்தவருக்கு லென்ஸ் படத்தயும் லெனின்கிராத் விஷயத்தயும் எழுதுனேன், மொதல்ல பதில் இல்ல, ரெண்டாவது தடவ எழுதுனதுக்கு பாதிப் பணம் திருப்பித் தர்றேன்னாரு, முழுசாத்தான் வேணும்னு சொல்லியிருக்கேன், பாக்கலாம்.

மீனாக்கா சொன்ன மாதிரி பெரியப்பா கார்டுல படிய பாத்தேன். கீழ்ப்படியில பாதி வரைக்கும் அழுக்கு, மரக்கோடு எல்லாம் இருக்கு, மேல போகப் போக ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி ஆயிருது. எந்த எடத்துல நிஜம் முடிஞ்சு வரைஞ்சது ஆரம்பிக்குதுன்னு விரல் வச்சுக் காட்டலாம் போல இருக்கு. அப்பாவயும் பாக்கச் சொன்னேன். அப்பா ரொம்ப நேரம் லென்ஸ எடுக்கவே இல்ல.

லதாக்கா, டார்ச் வச்சு எடுத்தேன். ‘கோவை, புத்தக வேன், 50 பை.’ அப்படின்னு இருக்கு, கீழ ஒரு தேதி, மாசம் படிக்க முடியல, வருஷம் 71. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வேன் மில் பக்கம் வந்து நிக்கும்னு அப்பாவுக்கு ஞாபகம் இருக்கு, சம்பள நாளுல பெரியப்பா அதுல ஏதாவது வாங்காம வீட்டுக்கு வர மாட்டாராம். தேதிக்கும் கீழ இன்னொரு வரி இருக்குங்க, அதுதான் இன்னும் புடிபடல. ரெண்டு வார்த்தை, ரெண்டாவது வார்த்தை ‘எங்கே?’ன்னு படிக்கறாரு அப்பா, கேள்விக்குறி நல்லாத் தெரியுது. மொத வார்த்தை ‘ட்’ல ஆரம்பிக்கற மாதிரி எனக்குப் படுது, அப்பா இல்லங்கறாரு. நாலு கோணத்துல எடுத்த போட்டோ கீழ போட்டிருக்கேன், கண்ணு நல்லா இருக்கறவங்க பாத்துச் சொல்லுங்க.